வெள்ளி எங்க போனது?

அந்த டீச்சர் எங்கள் வீட்டில் தங்கியிருந்த காலத்தில் ஒரு கேத்தல் தண்ணீரை நான் நிம்மதியாகக் கொதிக்க வைத்ததில்லை. தண்ணீர் சலசலக்கிற சத்தம் கேட்டால் போதும், பாதி சீவின தலையோடு குசினி வாசலில் வந்து நிற்பார்.

“டீச்சர், இப்ப இந்தத் தண்ணிக்குள்ள என்ன உடையுது?”

“ஒண்டும் உடையல்ல. தேத்தண்ணி ஊத்தப் போறன், இரிங்க,” என்பேன்.

“அதுதான்! ஒண்டும் உடையல்ல!” என்று கையைத் தட்டுவார். “தண்ணி தண்ணியாத்தான் போகுது. ஒண்டையொண்டு பிடிச்சிருந்த பிடி மட்டும் விட்டுப் போகுது. எங்கட பிள்ளையள் என்னண்டா கொதிக்கேக்குள்ள தண்ணியே உடைஞ்சு போகுதெண்டு எழுதிவைக்குதுகள்.”

நானும் டீச்சர்தான், தமிழ் படிப்பிக்கிறவள். காலை ஆறரை மணிக்கு, சோறும் கட்டி, சம்பலும் அரைத்து, பிள்ளைகளையும் எழுப்பிக்கொண்டு நிற்கிறவளுக்கு இது தேவையா என்று மனதுக்குள் திட்டுவேன். ஆனால் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். அவர் போன பிறகும் கேத்தல் கொதிக்கும்போதெல்லாம் ஒரு கணம் நின்று பார்க்கிற பழக்கம் எனக்கு வந்துவிட்டது. இன்றைக்கும் போகவில்லை.

அவர் மட்டக்களப்பு டவுனில் போர்த்துக்கீசர் வழிவந்த பறங்கியர் குடும்பத்துப் பெண். வயது என்னுடையதுதான் இருக்கும். அண்ணன்மார் இரண்டு பேரும் டவுனில் கராஜ் வைத்திருந்தார்கள். பழுகாமத்துக்கு அங்கால, வாவிக்கரையில் கிடக்கிற எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு இரசாயனம் படிப்பிக்க என்று அவரைப் போட்டார்கள். தினமும் டவுனிலிருந்து வந்து போக ஏலாது என்பதால் கிழமை நாட்களில் எங்கள் வீட்டுப் பக்க அறையில் தங்கினார். திங்கட்கிழமை காலை பாதையில் வந்து இறங்குவார். பாதை என்று நாங்கள் சொல்வது வாவியைக் கடக்கிற மிதவையை. மோட்டார் சைக்கிள், மரக்கறி மூட்டை, மாடு, வாத்திமார் எல்லாம் அதில் ஒன்றாகத்தான் வந்து சேரும். வெள்ளிக்கிழமை அதே பாதையில் போய்விடுவார்.

ஊர்ப் பிள்ளைகள் அவருக்கு ‘உருகுநிலை டீச்சர்’ என்று பெயர் வைத்தார்கள். அது அவருக்கும் தெரியும், கோபம் கிடையாது. விரல் நுனிகளில் எப்போதும் ஒன்றிரண்டு சூட்டுக்காயம் இருக்கும். எதைக் கண்டாலும் எடுத்து உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்ப்பார். மெழுகுதிரி, தார்க்கட்டி, நெய், என் பழைய வெள்ளிக் கொலுசு, ஒன்றையும் விட்டதில்லை. ‘இது எத்தனை பாகையில உருகும்?’ என்பது அவர் முதல் கேள்வி. அதைவிடப் பொல்லாத கேள்வி இன்னொன்று இருந்தது. ஏதாவது ஒன்று போய்விட்டது, தீர்ந்துவிட்டது, அழிந்துவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே கேட்பார்:

“எங்க போனது?”

குத்தலுக்குக் கேட்பதில்லை. உண்மையிலேயே அறிய ஆசைப்பட்டுக் கேட்பார். ஈரத் துணி காய்ந்துவிட்டது என்றால், ஈரம் எங்கே போனது? அல்மாரியில் போட்ட பூச்சி உருண்டை கரைந்துவிட்டது என்றால், அது எங்கே போனது? ஒரு முறை சித்தாண்டித் திருவிழாவுக்கு எங்களோடு வந்தார். முருகனுக்குத் தீபம் காட்டும்போது நாங்கள் எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நிற்க, இவர் மட்டும் கண்ணை அகல விரித்துக் கற்பூரத் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் நின்ற கிழவி என்னைச் சுரண்டி, “இந்தப் புள்ளைக்கு நல்ல பக்திகா,” என்றாள். நான் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் சொன்னார்: “கற்பூரத்த சும்மா தட்டில வைச்சாலே போகும் டீச்சர். நெருப்பே தேவையில்ல. அவ்வளவு தளர்வான பிடி. பக்கத்தில நிக்கிறதுக்கும் தனக்கும் ஒரு தொடுப்பும் இல்லாத மாதிரி எழும்பிப் போயிரும்.”

அவர் சொல்கிற ‘பிடி’ என்ன என்பது எனக்கு விளங்கினது ஒரு பாடவேளையில். எனக்கு வகுப்பு இல்லாத நேரம், மழைக்கு ஒதுங்கி ஆய்வுகூட வாசலில் நின்றேன். அவர் இரண்டு கரண்டிகளில் ஒன்றில் கந்தகமும் மற்றதில் ஓர் ஈயத்துண்டும் வைத்து, இரண்டையும் சுடரில் பிடித்துக்கொண்டிருந்தார். கந்தகம் கண்மூடித் திறக்கிறதுக்குள் தேன் மாதிரி இளகிவிட்டது. ஈயம் அப்படியே இருந்தது. வெகுநேரத்துக்குப் பிறகுதான் அதன் ஓரம் வட்டமாகத் திரண்டது.

“ஈயம் உலோகங்களுக்குள்ள லேசில உருகிறது. அதுவே இவ்வளவு நேரம் எடுக்குது. இரும்ப வைச்சா இந்தச் சுடர் காலம் முழுக்க எரிஞ்சாலும் காணாது,” என்றார் பிள்ளைகளிடம். “ஏன்? கந்தகத்தில எட்டு அணு வளையமா நிக்கும். அந்த எட்டுக்குள்ள பிடி நல்ல இறுக்கம். ஆனா ஒரு வளையத்துக்கும் அடுத்த வளையத்துக்கும் நடுவில பெரிய தொடுப்பு இல்ல. கொஞ்சம் சூடு காட்டினாப் போதும், வளையம் வளையமா வழுகிப் போகும். வளையம் உடையிறதில்ல, விலகுது. அயடீனும் அப்பிடித்தான், நாங்க மூச்சில எடுக்கிற ஒட்சிசனும் அப்பிடித்தான். உலோகமில்லாத இந்த அல்லுலோகம் கனக்க இப்பிடித்தான். அதாலதான் சிலது எங்கட சாதாரண வெயிலிலயே வாயுவாத் திரியுது.”

பிறகு ஈயக் கரண்டியை உயர்த்தினார். “உலோகம் அப்பிடியில்ல. ஒவ்வொரு அணுவும் தன்ட வெளி இலத்திரன, இங்கிலிசில எலக்ட்ரன் எண்டுறத, பொதுவில விட்டுரும். அதுகள் உள்ளுக்க எல்லா இடமும் ஓடித் திரியும். அதுகள்தான் எல்லா அணுவையும் சேத்துப் பிடிச்சிரிக்கு. ஒரு அணுவப் பிரிச்செடுக்க வேணுமெண்டா முழுக் கூட்டத்தோடயும் மல்லுக்கட்ட வேணும். உருக்கினாலும் அந்தப் பிடி முழுசா விடாது. அதாலதான் உருகின உலோகத்தக் கொதிக்க வைக்கிறது இன்னும் பெரிய பாடு.”

எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. அவரை ஒரு முறையாவது மடக்க வேண்டும் என்று வெகுநாளாக ஆசை.

“டீச்சர், கரியும் அல்லுலோகம்தானே? கொல்லன்ட உலையில இரும்பு இளகுது, கரி இளக நான் காணல்லயே?”

வகுப்பு சிரித்தது. அவர் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்து என் இரண்டு கையையும் பிடித்தார். பரிசு விழுந்தவர் மாதிரி இருந்தது முகம்.

“கேட்டுட்டீங்க! ஆராவது கேப்பாங்களா எண்டு எத்தின வருசம் பாத்துக்கொண்டிரிந்தன்! கரியில வளையமும் இல்ல, தனித்தனிக் குடும்பமும் இல்ல டீச்சர். ஒரு அணு பக்கத்து அணுவப் பிடிச்சிரிக்கு, அது அடுத்ததப் பிடிச்சிரிக்கு, தொடுப்பு முடியிற இடமே இல்ல. அது எரிஞ்சு போகும், ஆனா உருகாது. அல்லுலோகமெண்டு பேர் இருந்தாப் போல எல்லாம் லேசில உருக வேணுமெண்டு சட்டமா? பாதரசத்தப் பாருங்க, உலோகம், தண்ணியா ஓடுது. தன்ட இலத்திரனப் பொதுவில விட மனமில்லாத உலோகம் அது. பேரப் பாக்கப்படாது, பிடியப் பாக்க வேணும்.”

அவர் கை என் கையைப் பிடித்தபடியே இருந்தது, விரல் நுனியெல்லாம் சொரசொரவென்று. அன்றைக்கு அவர்மீது எனக்கு வந்தது மரியாதை என்று சொன்னால் போதாது. ஒரு மனுசி ஒரு துண்டு கரியைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட முடியுமா என்று பிரமித்துப் போனேன்.

இந்த விசயம் பள்ளிக்கூடத் தலைவரான அதிபரின் காதுக்கும் போனது. அடுத்த கிழமை காலைக் கூட்டத்தில் அவர் மைக்கைப் பிடித்தார்: “பிள்ளைகளே, இரும்பைப் போல ஒற்றுமையாக இருங்கள். தன்னுடையதைப் பொதுவுக்கு விட்டுக்கொடுக்கிற இரும்பு ஏன் உருகுவதில்லை தெரியுமா...” வரிசையில் நின்ற டீச்சர் கையை உயர்த்திவிட்டார். “சேர், இரும்புக்கு ஒற்றுமையும் தெரியாது, விட்டுக்கொடுக்கவும் தெரியாது. அது மனுசரப் பற்றின கதை இல்ல சேர். இரும்பப் பற்றினது. அதுவே காணும்.” அதிபர் பிறகு ஒரு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. “ஏன் டீச்சர் வீண் வேலை?” என்று கேட்டேன். “உள்ளது அவ்வளவு அதிசயமா இரிக்கேக்குள்ள அதுக்கு மேல ஏன் சட்டை போட வேணும்?” என்றார்.

இப்படிப்பட்டவர்தான் எங்கள் அம்மாள் கோயில் விசயத்தில் வாயைத் திறந்தார்.

என் அண்ணன் அந்தக் கோயிலின் கட்டாடியார், அதாவது பூசை செய்கிறவர். மாமாவுக்குப் பிறகு மருமகன் என்று எங்கள் தாய்வழியில் வருகிற பொறுப்பு. வருடத்துக்கு ஒருமுறை வைகாசியில்தான் சடங்கு. அப்போதுதான் பெட்டகத்தைத் திறந்து அம்மாளின் முகக்களையை வெளியே எடுப்பார்கள். வெள்ளித் தகட்டில் அடித்த முகம் அது. கட்டாடியாரைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாது. பெட்டகத்தின் திறப்பும், அதாவது சாவியும், அண்ணனிடம் மட்டும்தான். அண்ணனுக்குக் கலியாணம், பிள்ளை குட்டி என்று ஒன்றும் இல்லை. அவருக்கு இருந்தது அந்த முகம் ஒன்றுதான்.

சடங்குக்கு இரண்டு கிழமை இருக்கும்போது, ஒரு வெள்ளிக்கிழமைப் பின்னேரம், டீச்சர் டவுனுக்குப் போன பிறகு, அண்ணன் பெட்டக அறையில் விளக்கைக் கொளுத்திவிட்டு வாவியில் முழுகப் போனார். மேற்கிலிருந்து வருகிற கச்சான் காற்று அன்றைக்குப் பேயாக அடித்தது. மண்சுவர், மேலே தென்னோலைக் கிடுகு, மூலையில் சடங்குக்கு அடுக்கின விறகு. அவர் ஈரவேட்டியோடு ஓடிவருவதற்குள் கூரை உள்ளே விழுந்துவிட்டது. சுவரும் சரிந்துவிட்டது.

சூடு ஆறிய பிறகு உள்ளே போனார்கள். பெட்டகம் இருந்த இடத்தில் சுவர்க்கட்டிகளும் கரியும் சாம்பலும்தான். அதன் ஓரத்தில், தரையோடு தரையாக, வெள்ளையாக மினுங்கிக்கொண்டு, ஊற்றி உறைந்தது மாதிரி ஒன்று கிடந்தது. பெண்கள் வாயிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு அழுதார்கள். அம்மாளின் முகம் உருகிவிட்டது. இதைவிட ஒரு ஊருக்கு வேறென்ன வர வேண்டும்?

உறைந்ததை அண்ணன் வெள்ளைத் துணியில் சுற்றிச் செம்புக்குள் வைத்து மூலஸ்தானத்தில் கொண்டுபோய் வைத்தார். அதைப் புதிதாக முகம் அடிக்கக் கொடுப்பது என்றும், நல்ல நாள் பார்த்துத் தட்டாரைக் கூப்பிடுவது என்றும் முடிவானது. மிச்சச் சாம்பல், கரி, மண்கட்டி எல்லாம் அம்மாள் இருந்த இடத்துப் பொருள், யாரும் காலால் மிதிக்கக்கூடாது. ஆம்பிளைகள் புது ஓலைப் பெட்டிகளில் அள்ளி, தலையில் வைத்துக் கொண்டுபோய், வாவியில் கரைத்துவிட்டு வந்தார்கள்.

அண்ணன் அன்றோடு சாப்பாட்டை விட்டார். தண்ணீர் மட்டும் குடிப்பார். “அம்மாள உருக்கினவன் நான், புள்ள,” என்பதைத் தவிர என்னோடு வேறு பேச்சில்லை. திறப்பை வண்ணக்கரிடம் கொடுத்துவிட்டு ஊரைவிட்டே போகப்போகிறேன் என்றார். வண்ணக்கர் என்பவர் கோயில் நிர்வாகத்தைப் பார்க்கிறவர். போகிறவர் எங்கே போய் நிற்பார்? வாவி பக்கத்தில்தான் இருக்கிறது. அண்ணன் பின்னால் ஒரு ஆளை வைத்துக்கொண்டே இருந்தேன்.

திங்கட்கிழமை பாதையில் வந்து இறங்கிய டீச்சரிடம் விசயத்தைச் சொன்னேன். பையைக்கூட வைக்காமல் என்னோடு கோயிலுக்கு வந்தார். வேலிக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, எரிந்த அறையின் ஓரத்தில் குந்திக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குத்துவிளக்கு ஒன்று கரிபிடித்து நிமிர்ந்து நின்றது. கண்ணாடிப் பன்னீர்ப் போத்தில் ஒன்று கழுத்து மட்டும் கொஞ்சம் சாய்ந்து கிடந்தது. அண்ணன் வேப்பமரத்தடியில் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார். வண்ணக்கரும் இன்னும் நாலைந்து பேரும் பக்கத்தில் நின்றார்கள்.

“அண்ணன், இந்த அறைக்குள்ள வேற என்ன இரிந்தது?” என்று கேட்டார்.

“விளக்கு, மணி, பொங்கல் சாமான், அண்டா மூடி இரண்டு...”

“மூடி என்ன மூடி? பித்தளையா?”

“அலுமினியம்.”

“அது எங்க போனது?”

அண்ணன் தலையை நிமிர்த்தினார். அந்த மூடிகளைப் பற்றி யாருக்கு நினைப்பு வந்தது?

“பித்தளை விளக்கு நிமிர்ந்து நிக்குது. போத்தில் சாய்ஞ்சிரிக்கு, ஆனா ஒழுகல்ல,” என்றார் டீச்சர் மெதுவாக. “வெள்ளி உருகிற சூடு வந்திருந்தா இந்தப் போத்தில் பாகு மாதிரி ஒழுகியிருக்கும். அலுமினியம் அதுக்கு எவ்வளவோ முதல் உருகும். நீங்க செம்புக்குள்ள வைச்சிரிக்கிறது மூடி எண்டு நான் நினைக்கிறன் அண்ணன். அத நீங்க தூக்கினீங்கதானே? கனம் எப்பிடி இரிந்தது?”

அண்ணனின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும்.

“லேசாத்தான் இரிந்தது,” என்றார். “எடுக்கேக்குள்ளயே தெரியும். அம்மாள்ட கனம் என்ட கைக்குத் தெரியாதா? அவ எங்கள விட்டுப் போயிற்றா, அதுதான் கனம் இல்லாமக் கிடக்கு எண்டு நினைச்சன் டீச்சர்.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அலுமினிய மூடியைச் செம்புக்குள் வைத்துக்கொண்டு அண்ணன் மூன்று நாளாகச் செத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த அழுகை முடிவதற்குள் வண்ணக்கர் தொண்டையைச் செருமினார். “அப்ப முகம் உருகல்ல. சரி. உருகாட்டி, முகம் எங்க? பெட்டகத் திறப்பு ஆர்ட கையில இரிந்தது?”

அந்தக் கேள்வியில் எல்லாம் தலைகீழாகிவிட்டது. பின்னேரத்துக்குள் ஊர் வாட்ஸ்அப் குழுவில், முகத்தை விற்றுவிட்டு அறைக்கு நெருப்பு வைத்த கட்டாடியார் என்று போட்டுவிட்டார்கள். பெயர் போடவில்லையாம். எங்கள் கோயிலுக்கு எத்தனை கட்டாடியார்?

வீட்டுக்கு வந்ததும் நான் வெடித்துவிட்டேன். “ஏன் டீச்சர் வாயத் திறந்தீங்க? கவனமில்லாதவன் எண்டிரிந்தவன நீங்க கள்ளனாக்கிட்டீங்க. உங்கட உருகுநிலையும் நீங்களும்!”

அவர் முகம் வெளுத்துவிட்டது. ஆனால் எழும்பிப் போகவில்லை.

“நாங்க பாதிதான் கேட்டிரிக்கம் டீச்சர்,” என்றார். “மிச்சத்தையும் கேப்பம். உருகவும் இல்ல. கொதிச்சு ஆவியாப் போறதெண்டா அதுக்கு ரெண்டாயிரம் பாகைக்கு மேல வேணும், அத நினைக்கவே தேவையில்ல. நீங்க உள்ளுக்க அள்ளின சாம்பல், மண்கட்டி எல்லாம் எங்க?”

“அதெல்லாம் கரைச்சாச்சு.”

“எங்க?”

“வாவியில. மிதிக்கப்படாதெண்டு...”

சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அவர் கதிரையில் மெல்ல உட்கார்ந்தார். நெருப்பு ஒன்றும் செய்யாத முகத்தை, பக்தி பக்தி என்று நாங்களே அள்ளிக்கொண்டுபோய்த் தண்ணீரில் தள்ளியிருக்கிறோம். மூடியைக் கும்பிட்டிருக்கிறோம்.

“சாம்பல் கரையும்,” என்றார். “வெள்ளி கரையாது.”

“கிடைக்காட்டி?”

“கிடைக்காட்டி அடுத்த கேள்வியக் கேக்க வேணும்.” அதைச் சொல்லும்போதும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அந்த நேரத்தில் எனக்கு அவரைக் கண்டு பயமாகவும் இருந்தது. அண்ணன் எடுத்திருந்தால், அதையும் இந்த மனுசி இதே குரலில்தான் சொல்வார்.

அடுத்த நாள் காலை ஊரே வாவிக்கரையில் நின்றது. சாம்பலைக் கரைத்த இடத்தில், கரையோரக் கண்ணா மரப் பற்றைகளுக்குப் பக்கத்தில், இடுப்பளவு தண்ணீரில், இறால் பிடிக்கிற அத்தாங்கு வலைகளோடு ஆம்பிளைகள் இறங்கினார்கள். தேட வந்தவர்கள் பாதி, அண்ணன் பிடிபடுவதைப் பார்க்க வந்தவர்கள் பாதி. வண்ணக்கர் குடையோடு கரையில் நின்றார். அண்ணன் நாலு நாள் பட்டினியோடு எல்லாருக்கும் முன்னால் இறங்கினார். நான் தடுத்தேன், கேட்கவில்லை.

ஆணி வந்தது. பெட்டகத்தின் கீல் வந்தது. கரிந்த மரம் வந்தது. பிஸ்கட் டின் ஒன்று வந்தபோது ஒரு முறை எல்லாரும் ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பினார்கள். வெயில் ஏறியது. ஒருவர் இருவராகக் கரையேறத் தொடங்கினார்கள். யாரோ ஒருவன் எல்லாருக்கும் கேட்கச் சிரித்தான். டீச்சர் முழங்காலளவு சேற்றில் நின்றுகொண்டு, வருகிற மண்கட்டி ஒவ்வொன்றையும் கையால் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுப் போட்டார். சுவர் இடிந்து விழுந்து நெருப்பில் சுட்ட கட்டிகள் அவை. செங்கல் மாதிரி இறுகியிருந்தன, தண்ணீரில் கரையவில்லை.

ஒரு கட்டியை மட்டும் அவர் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் ஏந்தி அண்ணனிடம் நீட்டினார்.

“இது மண்ணின்ட கனம் இல்ல அண்ணன். நான் உடைக்கப்படாது. நீங்க உடைங்க.”

அண்ணன் அதைக் கரைக்கல்லில் தட்டினார். பிளந்தது. உள்ளே மண்ணோடு மண்ணாக அமுங்கி, நாலு பக்கமும் கசங்கி, காகக் கறுப்பில் ஒரு தகடு. முகம் என்று சொல்ல அதில் ஒன்றும் தெரியவில்லை. பெட்டகத்தின்மேல் சுவர் விழுந்தபோது உள்ளே அகப்பட்டிருக்கிறது. அண்ணன் டீச்சரைப் பார்த்தார்.

“இதுவா டீச்சர்?”

அவர் குனிந்து ஒரு பிடி ஈரமணலை எடுத்து, அண்ணன் கையில் இருந்த தகட்டின் ஓரத்தில், விரல் தகட்டில் படாமல், மணலால் மட்டும் தேய்த்தார். கறுப்புக்கடியில் நகத்தளவு வெள்ளை பளிச்சென்று வந்தது. அதைப் பார்த்து அவர் கண் நிறைந்துவிட்டது. அவர் அழுது நான் கண்டது அந்த ஒரு முறைதான்.

“வெள்ளி எண்டு நான் சொல்லுவன்,” என்றார். “அம்மாள் எண்டு நீங்கதான் சொல்ல வேணும்.”

அண்ணன் கசங்கின தகட்டைத் திருப்பி, உள்பக்கக் குழியில் பெருவிரலை வைத்தார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து அதை ஏந்தினார். கண்ணை மூடிக்கொண்டார். ஒரு தாய் பிள்ளையைத் தூக்கிப் பார்க்கிற மாதிரி மெல்ல ஒரு முறை உயர்த்தி இறக்கினார். கரையில் வண்ணக்கர் குடையை மடக்கி வைத்துவிட்டுச் செருப்பைக் கழற்றினார். எனக்குப் பின்னால் பெண்கள் குரவையிட வாயில் கையை வைத்துக்கொண்டு அண்ணனின் வார்த்தைக்குக் காத்து நின்றார்கள்.

“அம்மாள் கனமாத்தான் இரிக்கா,” என்றார் அண்ணன்.